ஐந்தாம் நம்பரை அடித்துவிடுங்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தை வெட்டி வீட்டில் எங்காவது ஒட்டி வைத்தீர்களா?

ஒட்டியிருந்தால், மீதியைப் படிப்பதற்கு முன் ஒரு பேனாவை எடுங்கள். 'குளிருக்கு மதுரையில் எங்கே போகலாம்' என்று ஏழு இடங்களை நம்பர் போட்டுக் கொடுத்திருந்தேன் இல்லையா... அதில் ஐந்தாம் நம்பரை அடித்துவிடுங்கள். லேசாகக் கோடு போட்டால் போதாது. கீழே என்ன இருந்தது என்றே தெரியாத மாதிரி பட்டையாக அடியுங்கள்.

ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டுப் பார்த்தேன், அது இதைவிடக் கேவலமாக இருந்தது.

முதலில் அந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

மதுரைக்கு என்னடா குளிர் என்று வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் ஓட்டுவார்கள். ஊட்டிக்காரன் சிரித்துவிட்டுப் போகட்டும். மார்கழி விடியற்காலையில் டூவீலரில் வைகைப் பாலத்தைத் தாண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளாட்பாரத்தில் படுப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான், 'இந்தக் குளிருக்கு ஊரில் என்னென்ன உதவி கிடைக்கிறது' என்று ஒரு லிஸ்ட் போடலாம் என்று தோன்றியது. நல்ல எண்ணம்தான். எண்ணம் என்றைக்கு நமக்குக் குறைந்திருக்கிறது?

மாநகராட்சி நடத்தும் இரவுக் காப்பகம், போர்வை வாங்கிக் கொடுக்கும் சர்ச் ஹால், நிலவேம்புக் கசாயம் ஊற்றும் இடம், வார்டு வார்டாக வரும் காய்ச்சல் முகாம் – நாலு ஆச்சு. ஆறும் ஏழும்கூட ரெடி. நடுவில் ஒன்று இடித்தது. இளைப்பு உள்ளவர்களுக்கு ஏதாவது போட வேண்டும். பனி இறங்கினால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு நெஞ்சில் விசில் அடிக்கும். மாஸ்க் மாட்டி மருந்தைப் புகை மாதிரி இழுக்க வைப்பார்களே, அந்த நெபுலைசர் இலவசமாக எங்கே கிடைக்கும்?

சாயங்காலம் ஆறு மணிக்குள் மேட்டர் அனுப்ப வேண்டும். மணி ஐந்தரை. காளவாசலில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு ஜெபாவுக்கு போன் போட்டேன். ஜெபா என் காலேஜ் தோழி. இப்போது ஒரு மிஷன் ஸ்கூலில் கிளார்க். ஊர் விஷயம் எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பாள் – அல்லது வைத்திருக்கிற மாதிரிப் பேசுவாள்.

"ஏய், ஃப்ரீயா நெபுலைசர் எங்கடி வைப்பாங்க?"

"தெப்பக்குளத்துக்கிட்ட ஒரு டிரஸ்ட் கிளினிக் இருக்குடி. எங்க மாமா போயிருக்காரு."

"எப்பப் போனாரு?"

"போயிருக்காருல்ல."

"காலையிலயே தொறந்துருப்பாங்களா?"

"தொறக்காமயா இருப்பாங்க? சீக்கிரமே தொறந்துருவாங்க."

முடிந்தது என் விசாரணை.

எங்கள் ஊரில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். 'தெரியாது' என்று ஒருத்தர் சொல்ல மாட்டார். தெரியாத தெருவுக்கும் 'நேராப் போயி லெஃப்ட்டு' என்று கை நீட்டுவார். கேட்டுவிட்டார்களே, வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? அதை நாங்கள் பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜெபா அந்தப் பாசத்தில் கை நீட்டினாள். நான் அதை அச்சில் ஏற்றினேன்.

ஏற்றியதோடு விட்டேனா? இதுதான் நான் எழுதியது: 'தெப்பக்குளம் அருகே டிரஸ்ட் கிளினிக். இலவச நெபுலைசர். காலை ஐந்து மணிக்கே திறந்திருக்கும். வரிசையே கிடையாது.'

ஐந்து மணி ஜெபா சொன்னது இல்லை. 'சீக்கிரம்' என்பதை நான் ஐந்தாக்கினேன். 'வரிசையே கிடையாது' – அதை யாருமே சொல்லவில்லை.

பட்டியல் வந்தது. மெசேஜ் குவிந்தது. 'யூஸ்ஃபுல் தங்கச்சி', 'இந்த மாதிரிதான் எழுதணும்', கைகூப்பும் எமோஜி, ஃபயர் எமோஜி. ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

எங்கள் தெரு முனையில் ஈஸ்வரி அக்காவின் பால் பூத் இருக்கிறது. அக்கா பூத்தில் இருப்பார். அவர் வீட்டுக்காரர் முருகேசன் அண்ணன் விடியற்காலையில் எக்ஸெல் வண்டியில் வீடு வீடாகப் பாக்கெட் போடுவார். அக்கா என் பட்டியலை வெட்டி, பூத் கண்ணாடியில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார். பால் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம், "நம்ம தெருப் புள்ள எழுதுனது" என்று காட்டினார். நான் பக்கத்தில் நின்று, அடக்கமாக இருப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பூத் திறக்கவில்லை. பொங்கல் அன்றைக்குக்கூடத் திறக்கிற பூத் அது.

மறுநாள் போனேன். அக்கா இருந்தார். கண் உள்ளே போயிருந்தது.

"என்னக்கா, நேத்து லீவா?"

"அண்ணனுக்கு முடியாமப் போச்சுடா. பெரியாஸ்பத்திரில சேத்துருக்கு. என் தங்கச்சி கூட இருக்கா."

"என்னாச்சுக்கா?"

"பனியில பால் போடப் போனவரு பாதியில திரும்பி வந்தாரு. மூச்சு விட முடியல. பேச வரல. பஃப் எடுத்து அடிச்சா உள்ள மருந்தே இல்ல, தீந்து போச்சு. வெரசா ஒரு ஆட்டோவப் புடிச்சு ஏத்துனேன். ஆட்டோக்காரரு, 'அக்கா, நேரா பெரியாஸ்பத்திரிக்கு விட்டுர்றேன்'னுதான் சொன்னாரு. நான்தான், அங்க கூட்டமாக் கெடக்கும், தெப்பக்குளத்துக்கு விடுங்க, அங்கன வரிசையே கிடையாதாம், நம்ம புள்ள எழுதிருக்குன்னு சொன்னேன்."

எங்கள் தெரு இருக்கிற காளவாசல் ஊரின் மேற்கு. தெப்பக்குளம் கிழக்குக் கடைசி. பெரியாஸ்பத்திரி நடுவில். நடுவில் இருப்பதை விட்டுவிட்டு ஊரின் அந்தக் கடைசிக்குப் போயிருக்கிறார்கள். மூச்சு விட முடியாத ஆளோடு.

"அங்க போனா ஒண்ணும் தொறக்கல. இருட்டு. ஆட்டோக்காரரும் அங்கிட்டு இங்கிட்டு ரெண்டு சுத்து சுத்துனாரு. இவருக்கு ஒதடு நீலமாகிருச்சு பாத்துக்க. அப்புறம் திருப்பிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். டாக்டரு, 'ஏன்ம்மா இம்புட்டு நேரம்'னு சத்தம் போட்டாரு."

நான் பால் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா கண்ணாடியில் ஒட்டியிருந்த என் பட்டியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாங்கதான் பதட்டத்துல வேற தெருவுக்குப் போயிட்டோம் போல. நீ எழுதுனதுல தப்பு இருக்காது."

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'இல்லக்கா, நான் போய்ப் பாக்காமலே எழுதிட்டேன்.' ஒரே வரி. வாய் திறந்தால் வந்துவிடும்.

நான் சொன்னது இது:

"ஆமாக்கா... அந்தப் பக்கம் தெருவெல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும்."

"அதான நெனச்சேன்." அக்கா பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். "அடுத்த வாட்டி நல்லா விசாரிச்சுட்டுப் போறேன்."

அடுத்த வாட்டி.

வீட்டுக்கு வந்து பாலைக் கொடுத்துவிட்டு ரூமுக்குள் போனவள் மத்தியானம் வரை வெளியே வரவில்லை. அதற்கப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? பால் வாங்க வேறு கடைக்குப் போனேன். பூத் வழியாகப் போகாமல் பின் தெருவில் சுற்றிப் போனேன். அம்மா, "ஏண்டி, ஈஸ்வரி பூத்துல பால் இல்லயா?" என்று கேட்டார். "சீக்கிரம் தீந்துருதும்மா" என்றேன். பொய்க்குப் பொய் அடுக்க எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். இந்த வேகம் விசாரிப்பதில் இருந்திருந்தால்...

மூன்றாம் நாள் தெப்பக்குளத்துக்குப் போனேன். இப்போதாவது பார்ப்போம் என்று. தெரு ஒன்றும் குழப்பமாக இல்லை. மெயின் ரோட்டிலிருந்து ஒரே ஒரு திருப்பம்தான். கட்டிடமும் இருந்தது. ஆட்டோ சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. உள்ளே எட்டு தையல் மெஷின்கள். ஒரு அம்மா பிளவுஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க கிளினிக் இருந்துச்சுல்லம்மா?"

"அதா? அத மூடி ரெண்டு தீவாளி ஆச்சேம்மா. இப்பத் தையல் கிளாஸு நடக்குது." கத்தரியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கொஞ்ச நாளா ஆளுக வந்து வந்து கேக்குறாக. எதோ பேப்பர்ல போட்டுருக்காகளாம். எந்தப் புத்திகெட்டது போட்டுச்சோ."

"ஆளுகன்னா... எத்தன பேரும்மா வந்தாங்க?"

"நான் என்ன எண்ணிக்கிட்டா இருக்கேன்? நேத்துகூட ஒரு பெரியவரு மேலூர்ல இருந்து பஸ் ஏறி வந்தாரு. தண்ணி குடுத்து உக்கார வச்சு அனுப்புனேன்."

நான் யார் என்று சொல்லவில்லை. அங்கேயும் சொல்லவில்லை. 'சரிங்கம்மா, வாரேன்' என்று வந்துவிட்டேன். முருகேசன் அண்ணன் ஒருத்தர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேலூர்ப் பெரியவர் யார், எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. இனிமேலும் தெரியப்போவதில்லை.

சனிக்கிழமை காலை பூத்துக்குப் போனேன். போகாமல் எத்தனை நாள் பின் தெருவில் சுற்றுவது?

முருகேசன் அண்ணன் டிஸ்சார்ஜ் ஆகி வந்திருந்தார். கழுத்தில் மஃப்ளர், தலையில் மங்கி கேப். கவிழ்த்துப் போட்ட பால் ட்ரேயில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகிவிட்டார்.

"என்னம்மா ரிப்போர்ட்டரு, ஆளையே காணோம்? பாலுக்கு எங்க போற?"

"வேற கடைக்குண்ணே..."

"அங்கிட்டும் இதே பாக்கெட்டுதான. ருசி வேற மாதிரி இருந்துச்சோ?"

நான் சிரிக்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். "அக்கா, நீங்க போனது சரியான எடம்தான். தப்பு என் மேல. அந்த கிளினிக்க மூடி ரெண்டு வருசமாச்சு. நான் நேர்ல போய்ப் பாக்கவே இல்ல. ஃப்ரெண்டுக்கு போன் போட்டுக் கேட்டு எழுதிட்டேன். அன்னைக்கு நீங்க சொன்னப்பவே தெரியும். பயந்துக்கிட்டு மாத்திச் சொல்லிட்டேன்."

அக்கா பாக்கெட் அடுக்குவதை நிறுத்தவில்லை. நாலு பாக்கெட் அடுக்கினார். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"வரிசையே கிடையாதுன்னு போட்டுருந்தியே. அது அந்தப் புள்ள சொன்னதா?"

"இல்லக்கா. அது நானாச் சேத்தது."

"நீயா சேத்தியா? எதுக்கு?"

"வரி... நல்லா முடியணும்னு."

அக்கா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கங்க. வரி நல்லா முடியணுமாம்."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், அக்கா ஓடி வந்து முதுகைத் தேய்த்துவிட்டார். நான் நின்ற இடத்தில் நின்றேன். கை உதவிக்குக்கூட நீளவில்லை. எந்த உரிமையில் நீட்டுவது?

மூச்சு அடங்கியதும் அண்ணன் கேட்டார். "ஏம்மா, காலையில அஞ்சு மணின்னு எழுதுனியே... நீ அஞ்சு மணிய என்னைக்காச்சும் பாத்துருக்கியா?"

நான் எழுந்திருப்பது எட்டரைக்கு. இந்தத் தெருவில் அவர் வண்டிச் சத்தம் கேட்டு ஒரு நாளும் நான் விழித்ததில்லை.

"சும்மா இருங்க, பேசாதீக" என்று அவரை அடக்கிவிட்டு அக்கா என்னிடம் வந்தார். குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே நீ உண்மையச் சொல்லிருந்தா நான் நாலு வார்த்த வஞ்சிருப்பேன். அம்புட்டுத்தான. வஞ்சுட்டு மறந்துருப்பேன். நேத்து விடியக்கால இவருக்குத் திரும்பவும் இழுத்துச்சு. தெரியுமா உனக்கு? புது பஃப் கையில இருந்துச்சு, அதுல அடங்கிருச்சு. அடங்கலேன்னா நான் எங்க போயிருப்பேன்? சொல்லு."

அவரே சொன்னார்.

"தெப்பக்குளத்துக்குத்தான் போயிருப்பேன். இந்த வாட்டி நல்லா விசாரிச்சு."

தப்பாக எழுதியது அவசரம். அதற்கு ஏதாவது சாக்கு சொல்லிக்கொள்ளலாம். அதை மூடி மறைத்தேனே, அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. நான்கு நாள் டைம் இருந்தது. என் பெயர் கெடக் கூடாது என்று ஒரு மனுஷனுடைய மூச்சை இரண்டாம் தடவை பணயம் வைத்திருக்கிறேன். படித்த பிள்ளை, பத்தி எழுதுகிற பிள்ளை.

அக்கா கல்லா மேல் கிடந்த பேனாவை எடுத்து நீட்டினார். "நீயே அடி."

கண்ணாடி ஓரமாகக் குனிந்து ஐந்தாம் நம்பரை அடித்தேன். பால் வாங்க வந்த இரண்டு பேர் என்னவென்று கேட்டார்கள். "அந்த எடம் இல்லயாம். புள்ள தெரியாம எழுதிருச்சு" என்றார் அக்கா. அந்த நேரத்திலும் 'தெரியாம' என்றார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"மிச்சம் ஆறு இருக்கே. அதெல்லாம் நேர்ல பாத்தியா?"

"ரெண்டு பாத்தேன்க்கா."

"அப்ப நாலு?"

இந்த வாரம் முழுக்க அந்த நாலுக்கும், ஏற்கெனவே பார்த்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் கையில் பேனா இன்னும் இருக்கிறதுதானே? திருத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றாம் நம்பர் காப்பகத்தை நான் முன்பு பார்த்தது மத்தியானம் மூன்று மணிக்கு. ராத்திரி தங்குகிற இடத்தை மத்தியானம் பார்த்துவிட்டு வந்த அறிவாளி நான். இப்போது சாயங்காலம் ஏழு மணிக்குப் போனேன். அங்கே ஆண்கள் மட்டும்தான். பெண்களுக்கு வேறு இடம், கேட்டால் அவர்களே சொல்லி அனுப்புகிறார்கள். கார்டு இல்லை என்றாலும் பெயர் எழுதிக்கொண்டு பாய் கொடுத்துவிடுகிறார்கள். 'கார்டு கேப்பாகன்னுதான் இம்புட்டு நாளா வெளிய படுத்தேன்' என்று ஒருவர் சொன்னார். அந்த ஒரு வரியை நான் எழுதியிருந்தால் அவர் போன மாதமே உள்ளே வந்திருப்பார்.

இரண்டாவது, சர்ச் ஹால். போர்வை எந்த நாளும் வாங்குகிறார்கள். கொடுப்பது ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு மட்டும். யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கிறார்கள், என்ன சாமி என்று கேட்பதில்லை. அங்கே இருக்கும் சிஸ்டர் ஒன்று சொல்லச் சொன்னார்: "தொவைச்சுக் குடுக்கச் சொல்லும்மா. வாங்குறவங்களுக்கும் மூக்கு இருக்குல்ல."

மூன்றாவது, கசாயம். 'நாள் முழுவதும்' என்று எழுதியிருந்தேன். ஒன்பது மணிக்குப் போனபோது அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். எட்டுக்குள் போங்கள். நான்காவது, காய்ச்சல் முகாம் – நாள் மாறிக்கொண்டே இருக்கிறது. முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள், அதை நம்புங்கள். நான் எழுதிய தேதியை நம்ப வேண்டாம்.

ஆறாவது, எங்கள் வார்டு சுகாதார நிலையம். எட்டு மணிக்குத் திறந்தார்கள். நான் ஏழரையிலிருந்து நின்று பார்த்தேன். நெபுலைசர் இருக்கிறதா என்று கேட்டேன். நர்ஸ் எடுத்துக் காட்டினார். எனக்கே ஒருமுறை மாட்டிவிடுவார் போல, அவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஏழாவது, மேலூர் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை சுமை இறக்குகிறவர்களுக்குச் சுக்குக் காபி. போய் இறங்கினேன். டீக்கடை அண்ணன், "அது போன வருசம்ம்மா. அந்தப் பயலுக எல்லாம் வேலைக்கு வெளியூர் போயிட்டானுக" என்றார். ஏழையும் அடித்துவிடுங்கள்.

ஆக ஏழில் இரண்டு பொய், மூன்று அரைகுறை, ஒன்றில் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. உருப்படியாகத் தேறியது ஒன்று. இதற்குத்தான் ஃபயர் எமோஜி வாங்கினேன்.

ஜெபாவிடம் சண்டை போடப் போனேன். "நீ போய்ப் பாப்பன்னு நெனச்சேன்டி. எழுதுறவ நீதான" என்றாள். சண்டை அதோடு முடிந்தது.

கடைசியாக, ஐந்தாம் நம்பர் இருந்த இடத்தில் என்ன எழுதுவது? விடியற்காலையில் மூச்சு முட்டினால் எந்த லிஸ்டையும் பார்க்காதீர்கள். கூட்டமா, வரிசையா என்று யோசிக்காதீர்கள். நேராகப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அதன் எதிரே நின்றுகொண்டுதான் இதை டைப் செய்கிறேன். பனி இறங்குகிறது. மணி ஐந்து இருபது. கதவு திறந்திருக்கிறது.